கண்ணைப் பறித்த கார் வண்ணங்கள்

எலுமிச்சம்பழ மஞ்சளும் இளம் பச்சையும் பூசிய ஒரு மோட்டார் காரை நினைத்துப் பாருங்கள். 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் கம்பெனி ‘பிரசிடென்ட் ஸ்பீட்ஸ்டர்’ என்னும் காரை இந்த இரு நிறங்களில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டில் ஃபோர்டு கம்பெனியின் ‘கிரவுன் விக்டோரியா’ ரோஜா நிறமும் வெள்ளையுமாகச் சாலையில் ஓடியது. பேக்கார்டு கம்பெனியின் ‘கரீபியன்’ காருக்கு இரண்டு நிறங்கள்கூடப் போதவில்லை. ஒரே காரில் மூன்று நிறங்கள்!

இன்று அந்தக் கார்களின் படங்களைப் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். “இப்படியும் ஒரு ரசனையா?” என்று கேட்கிறார்கள். ஆனால் ரசனை மட்டும் ஒரு காருக்கு நிறம் தந்துவிடுவதில்லை. நினைத்த நிறத்தைத் தகட்டின் மேல் ஏற்ற முடிய வேண்டும். ஏற்றிய நிறம் விரைவில் உலர வேண்டும். வெயிலிலும் மழையிலும் நிலைத்து நிற்க வேண்டும். இவை மூன்றும் வேதியியலின் வேலை. கண்ணைப் பறிக்கும் ஒவ்வொரு கார் நிறத்துக்குப் பின்னாலும், அதற்குச் சற்று முன்னர் ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்த கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் கொடுத்த விலையும் இருக்கிறது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

கறுப்பு ஆண்ட காலம்

மோட்டார் கார் தோன்றிய புதிதில் அதற்கு வண்ணம் பூசியவர்கள், அதுவரை குதிரை வண்டிக்கு வண்ணம் பூசி வந்த கைவினைஞர்களே. ஆளிவிதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்ந்த பூச்சுகளை அவர்கள் பயன்படுத்தினார்கள். இந்தப் பூச்சு உலர்வதும் ஈரத்துணி உலர்வதும் ஒன்றல்ல. துணியிலிருந்து நீர் ஆவியாகிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, மெல்ல மெல்ல இறுகுகிறது. ஒரு பூச்சு இறுகியபின் அதைத் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் அடுத்த பூச்சு. இப்படிப் பல பூச்சுகள். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

நாளொன்றுக்குச் சில கார்கள் செய்யும் பட்டறைக்கு இது தொல்லையில்லை. நாளொன்றுக்கு 1,000 கார்கள் செய்யும் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் உலர 20 நாட்கள் என்றால், எந்த நேரத்திலும் 20,000 கார்கள் உலர்ந்துகொண்டே நிற்கும். ஒரு காருக்குப் பத்துச் சதுர மீட்டர் இடம் என்று வைத்தாலும் 2,00,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 50 ஏக்கர் கூரையிட்ட இடம் வேண்டும்! வேகமாகக் கார் செய்யக் கற்றுக்கொண்ட மனிதனுக்கு, வேகமாக வண்ணம் பூசத் தெரியவில்லை.

ஹென்றி ஃபோர்டு இதற்கு ஒரு வழி கண்டார். 1908இல் வெளிவந்த அவரது ‘மாடல் டி’ கார், தொடக்க ஆண்டுகளில் பச்சை, சிவப்பு, சாம்பல் போன்ற நிறங்களில் கிடைத்தது. 1913இல் நகரும் பொருத்து வரிசையை அவர் நிறுவினார். அதன்பின் 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டுமே. ஆஸ்பால்ட் என்னும் நிலக்கீல் கலந்த எனாமலைப் பூசி, சூளை அறையில் வைத்துச் சுட்டார்கள். வெப்பத்தில் பூச்சு விரைவில் இறுகியது. விலையும் குறைவு, உறுதியும் அதிகம். ஆனால் நிலக்கீல் இயல்பிலேயே கறுப்பு. அதில் எந்த நிறமியைக் கலந்தாலும் வெளிர் நிறம் வராது. கோடிக்கணக்கான மக்களுக்குக் கார் கிடைத்தது, நிறம் கிடைக்கவில்லை.

வெடிமருந்தின் உறவினர்

பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் உண்டாகிறது. இதில் நைட்ரஜனின் அளவு கூடுதலாக இருந்தால் அது வெடிமருந்து. சற்றுக் குறைவாக இருந்தால், தகுந்த கரைப்பானில் கரைந்து, பூசினால் பளபளப்பான படலம் தரும் பொருள். பெண்கள் விரல்களில் பூசும் நகப் பாலிஷ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது எவ்வளவு சீக்கிரம் உலர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஆக்சிஜனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கரைப்பான் ஆவியானதும் படலம் ஆயத்தம். இத்தகைய பூச்சுக்கு லாக்கர் என்று பெயர்.

அப்படியானால் தொடக்கத்திலிருந்தே இதைக் காருக்குப் பூசியிருக்கலாமே? அங்கேதான் ஓர் இடைஞ்சல் இருந்தது. நைட்ரோசெல்லுலோஸ் மூலக்கூறு நீண்ட சங்கிலி போன்றது. நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால், சிறிதளவு கரைத்தாலே கரைசல் வெல்லப்பாகு போலாகிவிடும். அதைத் தெளிக்க வேண்டுமானால் கரைப்பானை மிகுதியாக ஊற்றி நீர்க்கச் செய்ய வேண்டும். நீர்த்த கரைசல் உலர்ந்தபின் எஞ்சும் படலமோ மிகமிக மெல்லியது. நிறமியைத் தாங்கும் வலு அதற்கு இல்லை.

முதல் உலகப் போருக்கு வெடிமருந்து செய்த அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனி, போர் முடிந்தபின் நைட்ரோசெல்லுலோஸுக்கு வேறு பயன்களைத் தேடியது. 1920இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த அதன் ஆய்வுக்கூடம் ஒன்றில், திரைப்படச் சுருளுக்கான நைட்ரோசெல்லுலோஸ் கரைசலில் சோடியம் அசிட்டேட் சேர்த்து வைத்திருந்தார்கள். கோடை வெப்பத்தில் அது நீர்த்துப் போயிருந்தது. நீண்ட சங்கிலிகள் அறுந்து குட்டையாகிவிட்டன என்பதே இதன் பொருள். குட்டைச் சங்கிலிகள் அதிகம் சிக்கிக்கொள்வதில்லை. ஆகவே நிறைய நைட்ரோசெல்லுலோஸையும் நிறைய நிறமியையும் கரைசலில் ஏற்றியும், அதைத் தெளிக்க முடிந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் சார்ல்ஸ் கெட்டரிங் இந்தப் பூச்சைக் காருக்கு ஏற்றதாக்குவதில் டியூபாண்டுடன் சேர்ந்து உழைத்தார். ‘டியூக்கோ’ என்னும் பெயர் பெற்ற அந்த லாக்கர், 1923இல் ‘ஓக்லண்டு’ கார்களின் மேல் நீல நிறமாக வந்தது. வாரங்கள் நாட்களாகவும், பின்னர் மணிகளாகவும் சுருங்கின. எந்த நிறமியையும் ஏற்கக்கூடிய, விரைவில் உலரும் பூச்சு கைக்கு வந்ததும் கறுப்பின் ஆட்சி ஆட்டம் கண்டது. 1926இல் மாடல் டி காருக்கும் நிறங்கள் திரும்பி வந்தன. ஆனால் மக்களின் மனம் வேறு கார்களை நாடிவிட்டது. ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் கார்களுக்குப் பின், 1927இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றது.

அதே 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் ‘கலையும் நிறமும்’ என்ற தனிப் பிரிவையே தொடங்கியது. கார் நன்றாக ஓடுகிறதா என்ற கேள்வியோடு, கார் சென்ற ஆண்டு நிறத்தில் இருக்கிறதா என்ற கேள்வியும் வாங்குபவர் மனத்தில் புகுந்தது. நல்ல நிலையில் உள்ள காரையும் பழையதாகத் தோன்றச் செய்ய, புதிய நிறத்தைவிட மலிவான கருவி வேறில்லை.

கோடு போடத் தெரியாத பெயிண்டர்கள்

இரண்டு நிறம் பூசும் மோகம் 1920களிலேயே தொடங்கிவிட்டது. ஒரு நிறத்தைப் பூசியபின், அதை மறைத்துக்கொண்டு அடுத்ததைத் தெளிக்க வேண்டும். செய்தித்தாளைப் பசை வைத்து ஒட்டினார்கள். பிறகு தாளை உரித்தால், கீழே பூசிய புதிய நிறமும் சேர்ந்து உரிந்து வந்தது! பெயிண்டர்கள் சபிக்காமல் என்ன செய்வார்கள்?

மினசோட்டா மாநிலத்தில், அந்நாளில் உப்புத்தாள் செய்துகொண்டிருந்த 3எம் கம்பெனியில் ரிச்சர்டு டுரூ என்ற இளைஞர் வேலை பார்த்தார். உப்புத்தாளைச் சோதிக்க ஒரு கார்ப் பட்டறைக்குச் சென்றவர், இந்தத் தொல்லையைக் கண்டார். உறுதியாக ஒட்ட வேண்டும்; உரிக்கும்போது எதையும் பறிக்காமல் வர வேண்டும்; வளைவான இடத்திலும் வளைந்து படிய வேண்டும். இரண்டு ஆண்டு முயற்சிக்குப் பின், 1925இல், சுருக்கங்கள் கொண்ட தாளில் மெல்லிய பசை தடவிய நாடாவை அவர் உருவாக்கினார். இன்று உங்கள் ஊர்ப் பெயிண்டரின் கையிலும் இருக்கும் ‘மாஸ்கிங் டேப்’ அதுதான். இரு நிறக் காருக்காகப் பிறந்தது அது.

வெள்ளை தந்த வெளிர் நிறங்கள்

1930களின் பொருளாதார வீழ்ச்சி கார் விற்பனையை வதைத்தது. பிறகு இரண்டாம் உலகப் போர். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. 1945இல்தான் மீண்டும் தொடங்கியது. இந்த இடைக்காலத்தில் ஆய்வுக்கூடங்கள் சும்மா இருக்கவில்லை. இரண்டு பொருள்கள் அங்கே முதிர்ந்துகொண்டிருந்தன.

ஒன்று, டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெள்ளை நிறமி. ஒரு தூள் வெண்மையாகத் தோன்றுவதற்கு, அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்க வேண்டும். தூளின் ஒளிவிலகல் எண்ணுக்கும், அதைச் சூழ்ந்திருக்கும் எண்ணெய் அல்லது பிசினின் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு கூடக்கூடச் சிதறல் கூடும். சுண்ணாம்புத் தூளை எண்ணெயில் குழைத்தால் வெண்மை மங்கிப்போவதைக் கண்டிருப்பீர்கள். இரண்டின் எண்களும் 1.5க்கு அருகில் இருப்பதே காரணம். துத்தநாக ஆக்சைடின் எண் ஏறத்தாழ 2.0. டைட்டானியம் டையாக்சைடின் ‘ரூட்டைல்’ வகைக்கோ 2.7! மெல்லிய பூச்சிலேயே அடித்தகட்டை முழுவதும் மறைத்துவிடும். வெயிலையும் நன்கு தாங்கும். இந்த வெள்ளையோடு சிறிதளவு நிறமியைச் சேர்த்தால் வெளிர் நீலம், வெளிர்ப் பச்சை, வெளிர் ரோஜா என்று எத்தனையோ நிறங்கள் உண்டாகும்.

மற்றொன்று, தாலோசயனின் என்னும் நீல நிறமி. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் நகரில் இருந்த ஒரு சாயத் தொழிற்சாலையில், உட்பூச்சு விரிசல் கண்ட இரும்புக் கலன் ஒன்றில் எதிர்பாராத நீலப் பொருள் தென்பட்டது. ஆராய்ந்தபோது அது இரும்பைத் தன் நடுவில் கொண்ட புதுவகை மூலக்கூறு என்று தெரிந்தது. இரும்பின் இடத்தில் செம்பை வைத்தால் இன்னும் உயர்ந்த நீலம் கிடைத்தது. 1935இல் அது ‘மோனாஸ்ட்ரல் நீலம்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே மூலக்கூறில் குளோரினைச் சேர்த்தால் பச்சை. வெயில், அமிலம், காரம் எதற்கும் எளிதில் அசையாத நிறமிகள் இவை. இந்த நீலத்தையும் பச்சையையும் டைட்டானிய வெள்ளையோடு கலந்து பாருங்கள். 1950களின் கார்களில் எங்கும் காணும் மயில் கழுத்து நிறத்தின் இளஞ்சாயல் கிடைக்கும்.

1955ஆம் ஆண்டின் திருவிழா

பஞ்சமும் போரும் தீர்ந்த நாட்டில் மக்களின் கையில் பணம் இருந்தது. 1955இல் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 79 லட்சம் கார்கள் உற்பத்தியாயின. போட்டியில் நிறமே முதல் ஆயுதம்.

‘செவர்லே பெல் ஏர்’ காரைப் பல இரு நிறச் சேர்க்கைகளில் வாங்கலாம். அதன் வெளிர் நிறங்களில் ஒன்றுக்கு ‘இந்தியத் தந்தம்’ என்று பெயர்! டாட்ஜ் கம்பெனி, பெண்களுக்கென்றே ‘லா ஃபெம்’ என்ற காரை வெளியிட்டது. 1955இல் அது ரோஜா நிறமும் வெள்ளையும். 1956இல் ஊதாவின் இரு சாயல்கள். காரோடு அதற்குப் பொருத்தமான கைப்பை, உதட்டுச் சாயம், மழைக்கோட்டு, குடை எல்லாம் கிடைத்தன. ஆனால் பெண்கள் அதை விரும்பி வாங்கவில்லை. இரண்டே ஆண்டில் அது மறைந்தது. கார் வாங்கும் பெண் கேட்பது ரோஜா நிறத்தை மட்டும்தான் என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பாடம்.

இந்தக் கார்களின் பக்கங்களில் இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அங்கே பளபளக்கும் குரோமியப் பட்டை ஒன்று ஓடும். அது வெறும் அலங்காரமன்று. நாடா ஒட்டிப் பூசிய விளிம்பின் சிறு குறைகளை அது மறைக்கிறது. இரு நிறங்களையும் பிரித்தும் வைக்கிறது. காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் நடுவில் சரிகை ஓடுவதை நினைத்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பு உடலும் கிளிப்பச்சைக் கரையும் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் சரிகை செய்யும் வேலையை, இங்கே குரோமியம் செய்கிறது.

கண் ஏன் கூசுகிறது?

இரு நிறங்கள் ஏன் ‘அடித்துக்கொள்ள’ வேண்டும்? பிரான்சு நாட்டின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். தம் கூடத்துக் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற குறைபாடு வந்தபோது, அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை! பக்கத்தில் இருந்த நிறங்களே கறுப்பை மங்கலாகத் தோன்றச் செய்தன. இதைப் பற்றிய தம் நூலை அவர் 1839இல் வெளியிட்டார். ஒவ்வொரு நிறமும் தன் அருகில் உள்ளதைத் தன் நிரப்பு நிறத்தின் பக்கம் தள்ளுகிறது என்பது அவர் கண்ட உண்மை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். சாம்பல் நிறத் தாளிலிருந்து ஒரே அளவில் இரு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றைப் பளிச்சென்ற ரோஜா நிறத் தாளின் நடுவிலும், மற்றதை நீலப்பச்சைத் தாளின் நடுவிலும் வையுங்கள். முதல் சதுரத்தில் பச்சையின் சாயலும், இரண்டாவதில் சிவப்பின் சாயலும் தெரியும். இரண்டும் ஒரே தாள்தான்! இப்போது சாம்பலுக்குப் பதில், ரோஜாவையும் நீலப்பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? ஒன்று மற்றதை மேலும் சிவப்பாக்கும். மற்றது இதை மேலும் பச்சையாக்கும். இரண்டும் பெயிண்ட் டப்பாவில் இருந்ததைவிடக் கூடுதலாகப் பளிச்சிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பொருள்களின் விளிம்புகளை அறிய, நம் கண் நிற வேறுபாட்டைவிட ஒளிர்வு வேறுபாட்டையே அதிகம் நம்புகிறது. கறுப்பும் மஞ்சளும் பூசிய மும்பை டாக்சியில் இரு நிறங்களின் ஒளிர்வும் மிகவும் வேறுபட்டவை. அதனால் எல்லை தெளிவாக நிற்கிறது; கண்ணும் அமைதியாக இருக்கிறது. ஆனால் ஒரே அளவு ஒளிர்வுள்ள ஆரஞ்சும் நீலப்பச்சையும் ஒட்டி நின்றால், நிறம் வேறு என்று சொல்லும் கண்ணால் எல்லையை உறுதியாகப் பற்ற முடிவதில்லை. விளிம்பு அதிர்வதுபோல் தோன்றுகிறது. உங்கள் கைப்பேசியில் ஒரு பழைய இரு நிறக் காரின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரு நிறங்களும் ஒரே சாம்பலாகிவிட்டால், அந்தக் கார் கண்ணை ஏன் கூசச் செய்தது என்பது விளங்கிவிடும்.

எலுமிச்சை மஞ்சளும் பச்சையும் பூசிய ஸ்டூட்பேக்கரின் கதை சற்று வேறு. அவை எதிர் நிறங்கள் அல்ல, அண்டை நிறங்கள். ஆனால் பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சை ஒளியை. அந்தக் கார் தன் இரு நிறங்களாலும் அந்த இடத்தைச் சுற்றியே தட்டியது. சாலையின் கோடியில் நின்றாலும் அதைக் காணாமல் இருக்க முடியாது.

வெளுத்துப்போன ரோஜா

அந்நாளைய ரோஜா நிறத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. அடர் சிவப்புக் கார் ஓரளவு நிறம் தாங்கும்; அதே சிவப்பு நிறமியை வெள்ளையோடு கலந்து செய்த ரோஜா நிறக் காரோ வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். ஏன் இப்படி?

அடர் பூச்சில் நிறமித் துகள்கள் நெருங்கி நிற்கின்றன. மேலே உள்ளவை ஒளியைத் தாங்கிச் சிதைந்தாலும், கீழே உள்ளவை அவற்றின் நிழலில் பிழைத்திருக்கின்றன. வெளிர்ப் பூச்சில் சிவப்புத் துகள்கள் சிலவே. அவற்றைச் சூழ்ந்த வெள்ளைத் துகள்கள் ஒளியை இங்கும் அங்கும் சிதறடித்து, அந்தச் சிலவற்றின் மேலேயே மீண்டும் மீண்டும் விழச் செய்கின்றன. இருப்பதே கொஞ்சம், அதிலும் ஒரு பகுதி சிதைந்தால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். 1958இல் டியூபாண்ட் கம்பெனி வெளியிட்ட ‘குவினாக்ரிடோன்’ என்னும் நிறமிகள் இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தன. சிவப்பு, வாடாமல்லி, ஊதா ஆகிய நிறங்கள் வெயிலுக்கு அஞ்சாமல் வெளியே வந்தன. அதே ஆண்டுகளில் நைட்ரோசெல்லுலோஸின் இடத்தில் அக்ரிலிக் லாக்கர் வந்தது. பளபளப்பு நீண்ட நாள் நிலைத்தது.

மாங்கனியும் வாழைப்பழமும்

அடுத்த நிற வெறி 1969, 1970ஆம் ஆண்டுகளில் வந்தது. இப்போது வாங்குபவர்கள் இளைஞர்கள்; கேட்பது வேகம். கிரைஸ்லர் கம்பெனியின் இரு பிரிவுகளான டாட்ஜும் பிளிமத்தும் கத்தும் நிறங்களை இறக்கின. ஒரே பெயிண்டுக்கு இரு பிரிவுகளும் இரு பெயர்கள் சூட்டின. டாட்ஜ் ‘கோ மாங்கோ’ என்ற மாம்பழ ஆரஞ்சை, பிளிமத் ‘வைட்டமின் சி’ என்றது. டாட்ஜ் ‘டாப் பனானா’ என்ற மஞ்சளை, பிளிமத் ‘லெமன் டுவிஸ்ட்’ என்றது. ‘பிளம் கிரேஸி’ என்ற ஊதா, அங்கே ‘இன் வயலெட்’ ஆயிற்று. இவற்றின் மேல் தடித்த கறுப்புப் பட்டைகள். போதாதென்று, திரைச்சீலைபோல் பூப்போட்ட வினைல் கூரையும் சில கார்களுக்குக் கிடைத்தது!

மஞ்சளுக்குள் இருந்த ஈயம்

இனி இந்தக் கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம். அந்தப் பதிற்றாண்டுகளில் கார் பெயிண்டின் பளிச்சென்ற மஞ்சளுக்கு மலிவான, உறுதியான நிறமி ‘குரோம் மஞ்சள்’. அதன் வேதியியல் பெயர் காரீயக் குரோமேட். அதோடு காரீய மாலிப்டேட்டைச் சேர்த்துச் செய்த நிறமியே பளபளக்கும் ஆரஞ்சையும் ஆரஞ்சுச் சிவப்பையும் தந்தது. காரீயம் நரம்பையும் மூளையையும் தாக்கும் நஞ்சு. குழந்தைகளை மிகக் கடுமையாகத் தாக்கும். அறுவிணைதிறக் குரோமியச் சேர்மங்கள் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. பூச்சு இறுகித் தகட்டில் ஒட்டியிருக்கும் வரை ஆபத்து குறைவு. அதைத் தெளிப்பவனும், பின்னாளில் உப்புத்தாளால் தேய்ப்பவனும் அதன் தூளைச் சுவாசிக்கிறார்கள்.

1978இல் அமெரிக்க அரசு வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடை செய்தது. ஆனால் மோட்டார் வண்டிப் பூச்சுகளுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. இந்தியாவில் 2016இல் வெளியான விதிகள் வீட்டுப் பெயிண்டில் காரீயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தன. அவையும் வீட்டுப் பெயிண்டையும் அலங்காரப் பெயிண்டையும் பற்றியவையே.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் ஊர் டிங்கரிங் பட்டறையில் பழைய வண்டி ஒன்றின் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பூச்சைத் தேய்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்ப்பதைவிட, நீர் ஊற்றி ஈரமாகத் தேய்ப்பது தூள் பறப்பதைக் குறைக்கும். வாய்க்குத் துண்டு கட்டினால் போதாது. நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். தேய்த்த சேற்றை மண்ணில் கொட்டக்கூடாது. வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக்கூடாது. சிறுவர்கள் அந்த இடத்தில் விளையாடவே கூடாது.

பூச்சை நீர்க்கச் செய்த கரைப்பானுக்கும் விலை உண்டு. தெளிக்கும் லாக்கரின் பெரும்பகுதி கரைப்பானே. அது முழுவதும் ஆவியாகிக் காற்றில் கலந்து நகரங்களின் புகைமூட்டத்துக்குத் துணை போயிற்று. இதனால்தான் பிற்காலத்தில் கரைப்பான் குறைந்த பூச்சுகளும், நீரில் கரையும் அடிப்பூச்சுகளும் தொழிற்சாலைகளுக்குள் வந்தன.

மீண்டும் கறுப்பு வெள்ளை

இன்றைய வேதியியல் நிபுணருக்கு, காரீயம் இல்லாமலே எந்த நிறத்தையும் செய்யத் தெரியும். அது பல ஆண்டு வெயிலையும் தாங்கும். மாடல் டி காலத்தில் ஒரு நிறத்தையும் தர முடியாதிருந்த தொழிற்சாலை, இன்று அடுத்தடுத்த கார்களை வேறு வேறு நிறங்களில் தெளிக்கிறது. அப்படியிருந்தும் உலகில் இப்போது விற்கும் கார்களில் பெரும்பாலானவை வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி நிறங்களே! மறுபடி விற்கும்போது விலை குறையக்கூடாது என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். ஃபோர்டு காலத்தில் வேதியியல் நம்மைக் கட்டிப்போட்டது. இன்று நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்கிறோம்.

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள், காரின் உடலில் பதித்த சிறு தகட்டைத் தேடுகிறார்கள். தொழிற்சாலையில் பூசிய நிறத்தின் குறியீடு அதில் இருக்கும். அதைப் பார்த்துக் கலக்கிப் பூசினால், வெளுத்துப்போன பழைய ரோஜா மீண்டும் பளிச்சென்று மலர்கிறது. ஆனால் இன்று அதன்மேல் இடும் தெளிந்த மேற்பூச்சின் பளபளப்பு, 1955இல் இருந்ததைவிடக் கூடுதல். ஆகவே கண்காட்சியில் அத்தகைய கார் ஒன்றைக் கண்டு உங்கள் கண் கூசினால், பாட்டன் காலத்து ரசனையை மட்டும் குறை சொல்லாதீர்கள். அந்தக் கூச்சத்தில் பஞ்சும் அமிலமும் இருக்கின்றன; ஸ்காட்லாந்தின் விரிசல் கண்ட கலன் இருக்கிறது; செவ்ரல் கண்ட விதி இருக்கிறது; முகக்கவசம் இல்லாமல் நின்று தெளித்த தொழிலாளியின் மூச்சும் இருக்கிறது.